சென்னையில் போக இடமில்லை என்பவர்களுக்கு

கல்யாணப் பந்தியானாலும் அலுவலக லிஃப்டானாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். "சென்னையில என்ன சார் இருக்கு? ஒரு பீச்சு, நாலு மாலு. பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போகணும்னா ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்பவேண்டியதுதான்." சொல்பவர் இருபது வருடமாக இங்கேயே குடியிருப்பவர். கேட்பவரும் தலையாட்டுவார். இதை மறுத்துப் பேச யாரும் மெனக்கெடுவதில்லை. வெயில் அலுப்பில் வருகிற பேச்சுதானே என்று விட்டுவிடுகிறோம். நான் விடுவதாக இல்லை. இந்த ஊரின் வெட்டவெளிகள் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போனதில் இந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முதலில் இடக்கணக்கைப் பார்த்துவிடுவோம். மாநகருக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிற ஊர்களை இந்தியாவில் ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதில் ஒன்று சென்னை. கிண்டியில் 1978 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் சுமார் 270 ஹெக்டேர் காட்டில் புள்ளிமான் திரிகிறது. வெளிமானும் இருக்கிறது. வெளிமானைப் பார்க்க ராஜஸ்தானுக்கு டிக்கெட் போடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் சிலர் குடியிருப்பது வேளச்சேரியில்.

பரங்கிமலைக்கு மின்சார ரயிலும் போகிறது, மெட்ரோவும் போகிறது. முந்நூறு அடி உயரம்தான். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகளில் நிதானமாக ஏறினாலும் கால் மணி நேரம் ஆகாது. உச்சியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் முதுகைப் பார்க்கலாம். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது முதல் அடிக்கோட்டைப் போட்டது இந்த மலையை ஒட்டித்தான். நான்கு ஸ்டேஷன் தள்ளினால் பல்லாவரம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த பிறகுதான் இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சியே தொடங்கியது. அந்தக் கற்கால மனிதர் ஒண்டியிருந்த பாறைக் குகையைப் பார்க்க வேண்டுமென்றால் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் குடியம் இருக்கிறது. முள்ளும் புதருமான காட்டுப் பாதையில் நடந்து போகவேண்டும். வனத்துறை 2024-இல் அறிவித்த நாற்பது மலையேற்றப் பாதைகளில் அதையும் சேர்த்திருக்கிறார்கள்.

வடக்கே போக விரும்பினால் மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கிறது. உப்பங்கழி, பூநாரை, மீன் சந்தை, அப்புறம் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். தெற்கே வேடந்தாங்கல். அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் வாங்கி வைத்தவர்கள் அந்த ஊர் விவசாயிகள். பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோவளத்தில் மீனவப் பையன்கள் அலைச்சறுக்குக் கற்றுத் தருகிறார்கள். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம். பாதி ஊர் தினமும் ரேடியல் சாலையில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறது, கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

இடமில்லை என்ற வாதம் இதோடு முடிந்துவிட வேண்டும். முடியாது. "இருக்கட்டும் சார், வெயில்ல எங்க போறது?" என்பார்கள்.

வெயில் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சித்திரை மதியத்தை வைத்து வருடம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்? கார்த்திகை பாதியிலிருந்து மாசி முடிய இந்த ஊரின் காலைகளில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. வேடந்தாங்கலில் பறவைகள் நிறைவதும், பள்ளிக்கரணையில் வலசைப் பறவைகள் இறங்குவதும், ஆமைகள் கரையேறுவதும் கிட்டத்தட்ட அதே மாதங்களில்தான். கோடையிலும் விடிகாலை ஐந்து மணிக்கு மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். சர்க்கரைக்காரர்கள் நடப்பார்கள், போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் மணலில் ஓடுவார்கள், சிலம்பம் சுற்றுவார்கள். எட்டு மணிக்கெல்லாம் கலைந்துவிடுவார்கள். மாலையில் கடற்காற்று இறங்கிய பிறகு அடுத்த கூட்டம் வரும். வெயிலோடு எப்படி வாழ்வது என்று இந்த ஊருக்குத் தெரியும். மறந்தவர்கள் ஏசி அறையில் வளர்ந்த நாம்தான்.

2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாளே, "இதுக்குத்தான் வெளியே போகாதே என்பது" என்று புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார்கள். நிகழ்ச்சி நடந்த நேரத்தைப் பாருங்கள்: காலை பதினொன்று முதல் பகல் ஒன்று வரை. நிழல் கிடையாது. தண்ணீர் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர். முடிந்து திரும்பும்போது ரயிலில் ஏற முடியவில்லை, சாலையில் நகர முடியவில்லை. அத்தனை லட்சம் பேரை உச்சிவெயிலில் நிறுத்திய ஏற்பாட்டின் மேல் போகவேண்டிய கோபத்தைக் கடற்கரையின் மேலும், வந்த மக்களின் மேலும் திருப்பினார்கள். வெட்டவெளியைப் பார்க்கக் கொடுத்துவைக்காத ஜனமாக இருந்தால் ஐந்து உயிர் தப்பியிருக்கும் என்பது ஒரு வாதமா?

அடுத்தது கூட்டமும் குப்பையும். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மறுநாள் பத்திரிகைகளில் ஒரே படம் வரும்: காலி மணலில் காகிதத் தட்டுகள், கரும்புச் சக்கை, பிளாஸ்டிக் கவர். இத்தனை டன் அள்ளினார்கள் என்று ஒரு கணக்கு. கூடவே, "நம்ம ஜனங்களுக்கு நாகரிகமே கிடையாது" என்ற பின்பாட்டு.

முந்தின நாள் அங்கே நடந்ததை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. வியாசர்பாடியிலிருந்தும் பட்டாபிராமிலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் பாட்டி, பேரன், மருமகள், கைக்குழந்தை என்று குடும்பம் மொத்தமும் வந்திறங்கும். தூக்குச்சட்டியில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு. பழைய சேலையை விரித்து உட்கார்ந்துவிட்டால் அதுதான் அவர்களுக்கு அன்றைக்கு வீடு. யாரும் கடலில் இறங்கிவிடாதபடி சவுக்குக் கட்டை நட்டு வேலி போட்டிருப்பார்கள். போலீஸ்காரர்கள் சின்னப் பிள்ளைகளின் கையில் ஒரு பட்டை கட்டி அதில் அப்பா அம்மாவின் போன் நம்பரை எழுதுவார்கள். நம்பர் தெரியாமல் முழிக்கும் தாத்தாவிடம், "மருமகள் எங்க நிக்குறாங்க? கூப்பிடுங்க பெரியவரே" என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவதைப் பார்க்க வேண்டும். தலைக்குமேல் தலையாக இருக்கும் அந்தக் கூட்டத்தில் அடிதடி அபூர்வம். காணாமல் போகிற பிள்ளைகள் இரவுக்குள் வீடு சேர்ந்துவிடுகின்றன. வருடத்தில் ஒரு நாள், காசில்லாமல், சாதி கேட்காமல், ஒரு நகரம் முழுக்க வெளியில் வந்து சோறு சாப்பிடுகிறது. இதை விழாவாகக் கொண்டாட வேண்டியவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

குப்பை விழுகிறது, சரி. தொட்டி எத்தனை வைத்தார்கள், கழிப்பறை எத்தனை வைத்தார்கள் என்பது அடுத்த கேள்வி. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல் எழுந்ததற்குக் காணும் பொங்கல் கூட்டமா காரணம்? பத்தாண்டுக் கணக்கில் அடுக்குமாடிகளும் ஹோட்டல்களும் அலுவலகங்களும் அனுப்பியது அது. அதை லாரியில் அனுப்பினோம், அதனால் நாகரிகம் கெடவில்லை.

சென்னைக்குப் பதில் என்று சொல்லப்படும் ஊட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. அடுத்த வருடக் கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் ஆறாயிரம் வண்டி, வார இறுதியில் எட்டாயிரம் என்று எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். இங்கே கூட்டம் என்று கிளம்பியவர்கள் அங்கே கூட்டமாகச் சேர்ந்து ஒரு மலையையே மூச்சுத் திணற வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் மலைக்குப் போய்வருவதை நான் குறை சொல்லவில்லை. மீதி நாளெல்லாம் வீட்டுக்குள் கிடந்துவிட்டு அந்த மூன்று நாளை மட்டும் இயற்கை என்று பெயரிட்டு அழைப்பதைத்தான் சொல்கிறேன்.

பெண்கள் பாதுகாப்பு என்ற வாதம் மற்றவற்றைப் போல எளிதில் தள்ளக்கூடியதல்ல. விளக்கில்லாத கடற்கரைத் துண்டில், கழிப்பறை இல்லாத ஏரிக்கரையில் ஒரு பெண்ணிடம் தனியாகப் போய் உட்கார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதற்கு மருந்து என்ன? ஆள் நடமாட்டம் குறையக் குறைய இடம் பயமாகிறது, பயமாக ஆக ஆள் நடமாட்டம் குறைகிறது. பெசன்ட் நகரில் மாலை ஏழு மணிக்குப் பெண்கள் தைரியமாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சுண்டல்காரரும் சோளக்காரரும் பலூன்காரரும்தான். இடத்தை "அழகுபடுத்த" வேண்டும் என்று வரும் ஒவ்வொரு அதிகாரியும் முதலில் அவர்களைத்தான் கிளப்பப் பார்க்கிறார்.

இரவில்கூட இந்த ஊர் வெளியே நடக்கிறது என்பதற்கு ஆமை நடை ஒன்று போதும். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இதை நடத்திவருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, இரவு பதினொன்று வாக்கில் நீலாங்கரையில் கிளம்பி விடிவதற்குள் பெசன்ட் நகர் வரை மணலில் நடை. வாரக் கடைசியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். டார்ச் அடிக்கக்கூடாது. பங்குனி ஆமை கரையேறித் திரும்பிய தடம் டிராக்டர் டயர் ஓடினதுபோல மணலில் தெரியும். தடம் முடிகிற இடத்தில் தொண்டர் ஒருவர் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார். குச்சி சட்டென்று இளகி உள்ளே போனால் கூடு அங்கேதான். முழங்கை வரை கைவிட்டு ஒவ்வொரு முட்டையாக எண்ணி எடுத்துத் துணிப்பையில் வைப்பார்கள். நூறு சொச்சம் இருக்கும். குழியின் ஆழத்தையும் அளந்துகொண்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் திரும்பப் புதைப்பார்கள். ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலுக்கு விடும்போது வேடிக்கை பார்க்கத் தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்துவிடும். இதற்கு டிக்கெட் கிடையாது, ரிசார்ட் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள் முப்பது வருடத்துக்கு மேலாகத் தூக்கம் விட்டுச் செய்கிற காரியம். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கியபோது ஊருக்கு முதலில் சொன்னவர்களில் இப்படி நடக்கிறவர்களும் உண்டு. நடக்க ஆளில்லாத கரையில் ஆமை செத்தால் நாய்க்குத்தான் தெரியும்.

இடமில்லை என்று சொல்லும் நியாயம் இந்த ஊரில் ஒரு தரப்புக்கு உண்டு. அவர்கள் வடசென்னைக்காரர்கள். மெரினாவின் அகலமான மணல் ஆதியிலிருந்தே அப்படிக் கிடந்ததல்ல. 1870-களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு அதன் தெற்கே மணல் ஒதுங்கிக்கொண்டே வந்தது. அந்த மணலை ஒட்டித்தான் கவர்னர் கிராண்ட் டஃப் 1884-இல் உலாப்பாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். அதே சுவரின் வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே மணலுக்குப் பதில் கருங்கல் குவியல். அதற்கும் வடக்கே எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல், 2017-இலும் 2023-இலும் எண்ணெய்க் கசிவு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போக இடமில்லை என்று புலம்பவில்லை. கிடைத்த கட்டாந்தரையில் பந்து உதைத்து வியாசர்பாடிக்குச் சின்ன பிரேசில் என்று பெயர் வாங்கித் தந்தார்கள். கடற்கரைக்கு எளிதில் போகக்கூடிய அடையாறுக்காரரும் அண்ணா நகர்க்காரரும்தான் புலம்புகிறார்கள்.

இந்தப் புலம்பலால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்டால், நடந்ததைச் சொல்கிறேன். கிண்டிக் காடு 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது சுமார் 500 ஹெக்டேர். ஐஐடி, நினைவு மண்டபங்கள், அலுவலகங்கள் என்று துண்டு துண்டாகப் போனது போக மிச்சம்தான் இன்றைய தேசியப் பூங்கா. பள்ளிக்கரணையின் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் கொடுத்தாகிவிட்டது. தரிசு, புறம்போக்கு, சும்மா கிடக்கிற சேற்று நிலம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அங்கே போய் நடந்தவர், பறவை பார்த்தவர், மீன் பிடித்தவர் ஆயிரம் பேர் இருந்திருந்தால் அப்படிச் சொல்ல வாய் வந்திருக்குமா? ஊரில் ஒன்றுமே இல்லை என்று நம்புகிறவனிடமிருந்து எதை எடுத்தாலும் அவனுக்குத் தெரியாது.

எடுத்ததைத் திருப்பிக் காசுக்கு விற்பது அடுத்த படி. 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் ஆறு ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று வைத்துத் திறந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வாசலிலேயே 300 ரூபாய். அதே மாதத்தில் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாருக்கு விட மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். விளையாடும் பையன்களும் ஊரும் சத்தம் போட்டதும் கைவிட்டார்கள். கவனியுங்கள், சத்தம் போட்டது அந்த மைதானத்தில் கால் பதித்தவர்கள். மாநகராட்சியிடம் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. எங்கள் பகுதிப் பூங்காவில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய் நின்றேன். கேட்டில் பூட்டு. உள்ளே புங்கமர நிழல் முழுசாக விழுந்து கிடக்கிறது, ஒரு ஆள் இல்லை. வெளியே நடைபாதையில் கிழவி ஒருத்தி குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். வாட்ச்மேனைக் கேட்டால், "நாலு மணிக்குத்தான் தொறப்போம் சார். பகல்ல தொறந்தா கண்டவங்க வந்து படுத்துக்குவாங்க" என்றார். நிழலில் படுக்க வருகிறவர்களுக்குத்தானே பூங்கா?

2022 நவம்பரில் மெரினாவில் சக்கர நாற்காலியில் கடல் வரை போக மரப்பாதை போட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. மறுபடி சரிசெய்தார்கள். கேட்க ஆளிருந்ததால் போட்டார்கள், கேட்க ஆளிருந்ததால் சரிசெய்தார்கள். கேட்க வேண்டுமென்றால் முதலில் போயிருக்க வேண்டும்.

இப்போதும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. வழக்கு ஒரு பக்கம் நடக்க, வெள்ளநீர் தேங்கக் குளங்கள் வெட்டினார்கள். பெரும்பகுதியில் பூங்கா அமைப்பதாக அறிவித்திருக்கிறார்கள். நகரின் நடுவில் இத்தனை பெரிய வெட்டவெளி இன்னொருமுறை கைக்கு வராது. அந்தப் பூங்காவுக்கு எத்தனை வாசல், ரயிலடியிலிருந்து நடந்து போக வழி உண்டா, பகலில் திறந்திருக்குமா, கட்டணம் உண்டா, சுண்டல்காரரை உள்ளே விடுவார்களா என்று உங்கள் கவுன்சிலரையும் எம்.எல்.ஏ.வையும் இப்போதே கேளுங்கள். மதில் எழுப்பி, டிக்கெட் கவுன்டர் கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.